எரியாத விளக்கு

திறப்பு விழாவில்
ஐந்து முகத்தையும் ஐந்து பேர் ஏற்றினார்கள்.
எங்களில் யாரும் அந்த ஐவரில் இல்லை.
பனங்காட்டில், கொலுசுப் பட்டறை இருந்த ஷெட்டில்
பத்தொன்பது பெண்கள், பிளாஸ்டிக் நாற்காலிகள்.
தட்டச் சொன்னார்கள், தட்டினோம்.
பேசியவர் ஒளி, ஒளி என்று ஒன்பது முறை சொன்னார்.
எண்ணினேன். எண்ணுவது என் பழக்கம்.

பதினோரு வருடம் கொலுசுக்குச் சலங்கை பற்றவைத்தவள் நான்.
பொடி தூவி, ஊதி ஊதி,
கண்ணில் நீர் வழிய,
யாருடைய கணுக்காலோ சிணுங்குவதற்காக.
என் கொலுசு செவ்வாய்ப்பேட்டை அடகுக்கடையில்.
ரசீது அரிசிப் பானையில்.

மோட்டார் ரீவைண்டிங் என்றார்கள்.
"தையல் இல்லீங்களா?" என்று கேட்டாள் பாவாயி.
தையல் நிரம்பிவிட்டது.
அழகுக்கலையும்.
மிச்சம் கிடந்தது இதுதான்:
கருகிய மோட்டாரின் வயிற்றைத் திறந்து
செத்த கம்பியை எண்ணி எடுப்பது,
அதே எண்ணிக்கையில் உயிருள்ளதைச் சுற்றுவது.

சொல்லித்தர வந்த ஷகிலா
என்னைவிட ஆறு வயது சின்னவள்.
கம்பிக்கு நம்பர் கூடக் கூடத் தடிமன் குறையும் என்றாள்.
சுலோச்சனா சிரித்துவிட்டாள்:
"குழுக்கடன் மாதிரி.
ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஏற ஏற
என்னைப் பாருங்க."
அன்றைக்கு முழுக்க அதைச் சொல்லிச் சொல்லியே
மோர் குடித்தோம்.

ஒரு காயிலுக்கு எழுபத்திரண்டு சுற்று.
நாற்பத்தெட்டில் போன் வந்தது.
வாரத் தவணைக்காரன்.
உங்க வீட்டு வாசல்லதான் உக்காந்திருக்கேன் என்றான்.
ஸ்கூல் விட்டு என் மகள் வரும் நேரம்.
கெஞ்சி, தவணை சொல்லி, முகம் கழுவி
திரும்பி வந்து பார்த்தால்
நாற்பத்தெட்டா, ஐம்பத்தெட்டா?
பிரித்தேன்.
ஒன்று.

நான்காம் மாதம் சீரிஸ் லேம்ப்.
ஒரு முனையைக் காயிலில் வை,
மறு முனையை இரும்பு உடம்பில்.
பல்பு எரிந்தால் கெட்டது.
உள்ளே எங்கோ கம்பியின் தோல் உரிந்திருக்கிறது,
தொட்டவரைத் தூக்கியடிக்கும்.
எரியாமல் இருந்தால்தான் நல்லது.

என் முதல் மோட்டார் கல்யாண வீடு மாதிரி எரிந்தது.
இரண்டாவதும்.
மூன்றாவதில் பல்பு சும்மா இருந்தது.
பீஸ் போயிருக்கும் என்று
பாவாயி வேறு பல்பு மாட்டினாள்.
அதுவும் சும்மாவே இருந்தது.
இருண்ட பல்பைப் பார்த்தபடி
ஷெட்டே நின்றது.
யாரும் தட்டச் சொல்லவில்லை.

சுலோச்சனா அதைப் பார்க்கவில்லை.
அந்த வாரமே திருப்பூருக்குக் கூட்டிப் போய்விட்டார்கள்.
இரண்டு பேர் பழையபடி கொலுசுக்கு.
சான்றிதழில் கோசலை என்ற என் பெயரைக்
கோசாலை என்று அடித்திருந்தார்கள்.
மாட்டுக்கொட்டகைக்கு முதல் வகுப்பு.
திருத்தக் கொடுத்தேன், இன்னும் வரவில்லை.

இளம்பிள்ளை ரோட்டில் அரை ஷட்டர்,
பாவாயிக்கும் எனக்கும்.
தெற்கே கஞ்சமலை, வடக்கே புரோட்டாக் கடை.
நேற்று ஒரு தறிக்காரர்
டிவிஎஸ் வண்டியில் மோட்டாரோடு வந்து நின்றார்.
"ஆளு இல்லையா?"
"இருக்கோம்."
"இல்லம்மா, ஆளு."
பாவாயி இறங்கிப் போய்
மோட்டாரைக் கட்டோடு தூக்கி வந்து
மேஜைமேல் வைத்துவிட்டு
"எத்தனை தறி நிக்குது?" என்றாள்.
"நாலு," என்றார்.
அட்வான்ஸ் தரவில்லை.
சொல்லாமலே ஸ்டூலை இழுத்துப் போட்டு
உட்கார்ந்துகொண்டார், காவலுக்கு.

இருக்கட்டும்.
விரலிடுக்கில் செம்பு சூடாக ஓடுகிறது.
வார்னிஷ் வாசம் சோற்றுக்கும் வரும் இனி.
மேஜையில் போன் அதிர்ந்து அதிர்ந்து
விளிம்பை நோக்கி நகர்கிறது.
ஐம்பத்தொன்று.
தறிக்காரர் போனைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார்.
ஐம்பத்திரண்டு.